முக்கொம்பில் எடுத்த முடிவு

எனக்கு முடிவெடுக்கத் தெரியாது. ரவா தோசையா, ஊத்தப்பமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் பக்கத்து மேசைக்காரர் சாப்பிட்டுக் கைகழுவிவிடுவார். ஸ்ரீரங்கத்து வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுத் திருச்சி கே.கே. நகருக்குப் போவதா என்ற கேள்வியும் மாதக்கணக்கில் அப்படித்தான் கிடந்தது.

அந்த நேரம் பார்த்து அலுவலகத்தில் ‘டெசிஷன் மேக்கிங்’ பயிற்சி வைத்தார்கள். “முடிவெடுக்கிறதுன்னா, பல வழியில ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு மத்ததை விட்டுடறது. எடுத்துட்டா சுருக்கமா சொல்லுங்க. காரணம் சொன்னா பேரம் பேச வந்துடுவாங்க” என்றார் பயிற்சி கொடுத்தவர்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, தனியாக யோசிக்கக் காவிரி அணை இருக்கும் முக்கொம்புக்குப் போனேன். தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்ததில் அதிசயமாகத் தெளிவு பிறந்தது. மனைவி கலாவுக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன்.

“நல்லா யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்துட்டேன். இனி யாராலும் என் மனசை மாத்த முடியாது. முக்கொம்புல இருக்கேன்.”

பேரம் பேசக் கூப்பிடுவாளே என்று போனையும் அணைத்துவிட்டேன். (எவ்வளவு விவரம் பாருங்கள்.)

மிளகாய்ப்பொடி தூவிய மாங்காயை மென்றுகொண்டு பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்து நின்றபோது, பின்னாலிருந்து யாரோ இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தார்கள். மாங்காய் ஆற்றோடு போனது. இழுத்தவன் கலாவின் தம்பி செந்தில். அவனுக்குப் பின்னால் கலா, நைட்டிமேல் துப்பட்டாவோடு, செருப்பில்லாமல்.

“என்னங்க, நான் என்ன குறை வச்சேன்?”

“குறையா? கே.கே. நகருக்கே போயிடலாம்னு முடிவு பண்ணேன், அதான்...”

கலா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் அணைத்த போனைப் போட்டு, அனுப்பியதை நானே படித்தேன். ஆற்றங்கரையில் நின்றுகொண்டு ஒரு மனுஷன் அனுப்பக்கூடிய செய்தியா அது?

“வீட்டு விஷயம்னு ஒரு வார்த்தை போட்டிருக்கலாம்ல மாமா” என்றான் செந்தில்.

வீடு திரும்பினால் வாசலில் பாதித் தெரு நின்றது. துறையூரிலிருந்து மாமியார் அழுதுகொண்டே பஸ் ஏறிவிட்டிருந்தார். வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்து, உயிரோடிருப்பதற்கு மன்னிப்புக் கேட்காத குறையாக விளக்கம் சொன்னேன். யாரும் நம்பவில்லை. “வீடு மாத்தவா தம்பி ஆத்துக்குப் போவாங்க? எதுவா இருந்தாலும் மனசு விட்டுப் பேசுங்க” என்று கீழ்வீட்டுக்காரர் என் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார். கே.கே. நகர் பேச்சு அன்றோடு முடிந்தது.

மாமியார் இப்போதும் தினம் கலாவுக்குப் போன் செய்கிறார். “சாப்பிட்டீங்களா” என்று கேட்ட கையோடு, குரலைத் தணித்து, “மாப்பிள்ளை முடிவு கிடிவு ஒண்ணும் எடுக்கலையே?” என்பார்.

“இல்லம்மா, பக்கத்துலதான் உட்கார்ந்திருக்காரு” என்று, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்கிறாள் கலா.