பெருமாள் மாமாவும் பதினொரு பாட்டில்களும்

ஒரு விஷயத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பூமியைக் காப்பாற்றுவதற்காக நான் ஒருமுறை பதினொரு பிளாஸ்டிக் பாட்டில்களை ஆற்றில் வீசியிருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபது வயது. மலாக்கா டவுனில் ஒரு கல்லூரியில் டிசைன் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் விரிவுரையாளர் புவான் சலீனா ஒரு நாள் வகுப்புக்கு வந்து, "பருவநிலை மாற்றம், சுற்றுச்சூழல். ஆளுக்கு நாலு புகைப்படம். மூன்று வாரம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல படமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து நூலகத்தின் முன்கூடத்தில் பெரிதாக மாட்டுவார்களாம்.

அன்றிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் கேமராவை இரவல் வாங்கினேன். கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் சாப்பிட்டேன். (ரசம் தெறித்த அடையாளம் அந்த வாரில் இன்னும் இருக்கிறதாம். அக்கா பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார்.) உலகம் அழிந்துகொண்டிருக்கிறது, அதைப் படம் எடுக்க நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்று மனப்பூர்வமாக நம்பினேன்.

சிக்கல் என்னவென்றால், எங்கள் தாமான் குடியிருப்பில் உலகம் அழிகிற மாதிரி எதுவும் தெரியவில்லை. வீடுகள் இருந்தன, கார்கள் இருந்தன, எல்லாரும் நன்றாக இருந்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. அம்மாதான் வழி சொன்னார். "லூபோக் சீனாவுக்குப் போயேன். மாமா வீட்டுப் பக்கம் தோட்டம், ஆறு எல்லாம் இருக்கு. அங்க ஏதாச்சும் அழிஞ்சிருக்கும்."

பெருமாள் மாமா அம்மாவின் அண்ணன். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறவர். வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் குளம் வெட்டி திலாப்பியா மீன் வளர்த்தார். உலகத்தில் யார் எதைக் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி விளக்கிச் சொல்வது அவர் வழக்கம். இது எவ்வளவு ஆபத்தான குணம் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறிப் போனேன். போன உடனே அதிர்ஷ்டம். மாமாவின் குளம் வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நான் அப்படியே குப்புறப் படுத்துவிட்டேன்.

"என்னம்மா கௌரி, கீழ விழுந்துட்டியா?" என்று ஓடி வந்தார் மாமா.

"இல்ல மாமா, கேமரா ஆங்கிள்."

"அங்க எறும்பு இருக்கும்லா. மீன் எல்லாம் பிடிச்சாச்சு, தண்ணிய இறைச்சிட்டு சேறு காயட்டும்னு விட்டிருக்கேன். காஞ்சதும் வாரிப்போட்டு புது மீன் விடணும்."

அவர் சொன்னது என் காதில் விழுந்தது. நன்றாகவே விழுந்தது. ஆனாலும் படத்துக்கு 'தாகம்' என்று பெயர் வைத்தேன். (எறும்பும் இருந்தது. முழங்கை இரண்டு நாள் வீங்கியிருந்தது. கலைக்கு நான் கொடுத்த விலை அது.)

இரண்டாவது படமும் தானாக வந்தது. ரம்புத்தான் மரத்தில் ஒரு குரங்கு ஏறிவிட்டது. மாமா இடுப்பில் கை வைத்து, கண்ணைச் சுருக்கி, வாயைக் கொஞ்சம் திறந்து மேலே பார்த்தார். படத்திலிருந்து குரங்கை வெட்டிவிட்டு மாமாவையும் வானத்தையும் மட்டும் எடுத்தேன். 'மழைக்காக' என்று பெயர் வைத்தபோது எனக்கே கண் கலங்கியது.

மூன்றாவதுக்கு ஆற்றுக்குப் போனோம். அங்கேதான் ஏமாற்றம். ஆறு சுத்தமாக இருந்தது. ஒரு குப்பை இல்லை. நான் எவ்வளவு தேடியும் ஒரு பிஸ்கட் உறைகூடக் கிடைக்கவில்லை.

மாமா வீட்டுக் கொட்டகையில், மறுசுழற்சிக்குப் போடுவதற்காக அவர் கழுவிக் காயவைத்துச் சேர்த்திருந்த பாட்டில்கள் ஒரு சாக்கு நிறைய இருந்தன. திரும்பி வந்ததும் அவர் டீ போட உள்ளே போன நேரம் பார்த்துப் பதினொன்றை எடுத்துக்கொண்டு ஓடினேன். தண்ணீரில் வீசுவேன், படம் எடுப்பேன், பொறுக்கிக்கொண்டு வந்துவிடுவேன். இதுதான் திட்டம். ஆறு ஓடும் என்பதை மட்டும் நான் கணக்கில் எடுக்கவில்லை.

மூன்று கிளிக்தான். பாட்டில்கள் வரிசையாகப் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி கிளம்பிவிட்டன. நான் கரையோரமாகக் கத்திக்கொண்டே ஓடினேன். சத்தம் கேட்டு மாமா வந்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. குளத்தில் மீன் அள்ளும் வலையைத் தூக்கிக்கொண்டு, கட்டியிருந்த கைலியோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டார். பத்தைப் பிடித்தார். பதினோராவது வளைவு திரும்பிப் போயே விட்டது.

கரையேறி கைலியைப் பிழிந்துகொண்டே கேட்டார். "எப்படிம்மா விழுந்துச்சு?"

"காத்து மாமா" என்றேன். ஒரு இலைகூட அசையவில்லை. அவர் தலையாட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் படங்களைப் பற்றிச் சொன்னேன். வியாழக்கிழமை வகுப்பில் ஃபீட்பேக் என்றேன்.

"பரிசு குடுப்பாங்களா?"

"பரிசு இல்லம்மா. கூடப் படிக்கிறவங்க எல்லாம் என் படத்தப் பாத்து, எழுந்து நின்னு பேசுவாங்க."

அம்மாவின் முகம் மலர்ந்தது. எழுந்து நின்று பேசுவது என்றால் பாராட்டு விழாதானே. நானும் மறுக்கவில்லை. மனசுக்குள் நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். "நாங்க வரலாமா?" என்று கேட்டார். "வரலாம்லா" என்றேன். யார் நிஜமாகவே வரப்போகிறார்கள் என்ற தைரியம்.

வியாழன் காலை படங்களைச் சுவரில் ஒட்டும்போதுதான் முதல் இடி. பிரிண்ட் கடைக்கு நான் எழுதிக் கொடுத்த பட எண்ணில் ஒரு இலக்கம் தவறு. நாலாவதாக நான் நினைத்திருந்த சூரிய அஸ்தமனம் வரவில்லை. வேறு ஏதோ வந்திருந்தது. ஓடும்போது என் விரல் பட்டுத் தானாக விழுந்த படம். கொஞ்சம் சாய்ந்து, ஓரத்தில் என் கட்டைவிரலோடு, மாமா ஆற்றில் நின்று வலையை நீட்டுகிறார். முன்னால் பாட்டில்கள். நாலு படம் கட்டாயம் என்பதால் அதை மூலையில், கதவுக்குப் பின்னால் ஒட்டினேன்.

இரண்டாவது இடி வேனில் வந்தது. அப்பா, அம்மா, மாமா, அத்தை, கேமரா கொடுத்த அக்கா, அவர் மாமியார். ஆறு பேர். மாமா தீபாவளிச் சட்டையில் இருந்தார். அம்மா கையில் பெரிய டப்பா நிறையக் கேசரி.

புவான் சலீனா ஒரு கணம் திகைத்தார். பிறகு சிரித்துவிட்டு, பின்வரிசையில் நாற்காலி போடச் சொன்னார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அம்மா எல்லாருக்கும் கையசைத்தார்.

என் முறை வந்தது. மாணவர்கள் மஞ்சள் தாளில் கருத்து எழுதி ஒட்டினார்கள். 'அருமை', 'நெஞ்சு கனக்கிறது', ஒரு இதயப் படம். எனக்கு உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது. பிறகு கேள்வி நேரம். ஜீவன் என்று ஒருவன், எதையும் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் பார்ப்பான். துடைத்துவிட்டுப் பார்த்தான்.

"இந்த 'தாகம்' படத்துல இடது ஓரத்துல ஒரு பம்ப் தெரியுதே. அது என்ன?"

"அது... கைவிடப்பட்ட பம்ப். தண்ணி இல்லாததால" என்றேன்.

பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. மாமா எழுந்து நின்றார். ஃபீட்பேக் என்றால் எழுந்து நின்று பேசவேண்டும் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள் அல்லவா. அழகான மலாயில் ஆரம்பித்தார். "டீச்சர், அது என் பம்புதான். நல்லா ஓடுது. அத வெச்சுத்தான் குளத்துத் தண்ணிய நானே இறைச்சேன்."

குளம் எத்தனை அடி, மீன் எத்தனை மாதத்தில் வளரும், சேற்றை ஏன் காயவைக்க வேண்டும், எல்லாம் சொன்னார். வகுப்பு முழுக்க அவர் பக்கம் திரும்பிவிட்டது. நபிலா என்ற பெண் மலாயில் அவரை மாமா என்று கூப்பிட்டு உற்சாகமாகக் கேட்டாள். "பாக்சிக், அப்ப இந்தப் படத்துல மழைக்காக வானத்தப் பாக்கறது?"

"மழையா? அது குரங்குமா. ரம்புத்தான் திங்க வந்துச்சு."

வகுப்பு குலுங்கியது. நான் தரையைப் பார்த்தேன். தரை திறக்கவில்லை. அம்மா, விழா சூடுபிடித்துவிட்டது என்று நினைத்துக் கேசரி டப்பாவைத் திறந்தார்.

ஜீவன் விடவில்லை. மூன்றாவது படத்துக்குப் போனான். "ஆறு இவ்வளவு சுத்தமா இருக்கு. பாட்டில் மட்டும் கழுவி வெச்ச மாதிரி இருக்கு. மூடிகூட இறுக்கமா இருக்கு. இது எப்படி வந்துச்சு?"

எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை வீசாத காற்று அவருக்கு இப்போதுதான் விளங்கியது என்று தெரிந்தது. உள்ளதை உள்ளபடி சொல்லியே பழகிய மனிதர், மெதுவாக உட்கார்ந்தார்.

"அது எனக்குத் தெரியாது" என்றார். பிறகு கூரை மின்விசிறியைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

கேலியைத் தாங்கிக்கொண்டேன். இதைத் தாங்க முடியவில்லை. அவருக்குப் பொய் சொல்லவும் தெரியவில்லை, காதுமடல் சிவந்துவிட்டது. நான் போய்க் கதவைச் சாத்தி, பின்னால் ஒளிந்திருந்த நாலாவது படத்தைக் காட்டினேன்.

"பாட்டில நான்தான் போட்டேன். மாமா மறுசுழற்சிக்கு வெச்சிருந்த சாக்குலேருந்து எடுத்துப் போட்டேன். அவர்தான் இறங்கிப் பொறுக்கினார். ஒண்ணு போயிடுச்சு."

பிறகு ஜீவன் எழுந்து, அந்தப் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றான். கண்ணாடியைத் துடைத்தான். ஒரு மஞ்சள் தாளில் எழுதி ஒட்டினான். 'நாலு படத்தில் இது ஒன்றுதான் உண்மை. கட்டைவிரல் உட்பட.' நபிலா ஒட்டினாள். இன்னொருத்தி ஒட்டினாள். அரை மணி நேரத்தில் படத்தைச் சுற்றி மஞ்சள் தாளாக இருந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டினார்கள். போட்டோ எடுக்க வருகிறவர்களும் குப்பை போடுகிறார்களா என்று ஒரு சண்டையே நடந்தது. எனக்கு அவமானமும் குஷியும் ஒன்றாகக் கலந்து காது அடைத்தது. என் படத்தைப் பற்றி இவ்வளவு பேர் இவ்வளவு ஆவேசமாகப் பேசுவார்கள் என்று நான் கனவில்கூட நினைத்ததில்லை.

புவான் சலீனா தீர்ப்புச் சொன்னார். முதல் மூன்று படத்துக்கும் மதிப்பெண் பூஜ்யம், திரும்ப எடுத்து வரவேண்டும். நாலாவது நூலகத்தில் தொங்கும், ஆனால் கீழே நடந்ததை என் கைப்பட எழுதவேண்டும். எழுதினேன். 'பாட்டில்களை வீசியது: புகைப்படக்காரர். பொறுக்கியது: அவருடைய மாமா.' ஒரு மாதம் தொங்கியது. மாமா இரண்டு முறை வேன் பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போனார். என்னைத் திட்டவே இல்லை. அதற்குப் பதிலாக ஊருக்கெல்லாம் சொன்னார்.

போன வருஷம் என்னைப் பெண் பார்க்க சுங்கை ரம்பாயிலிருந்து வந்திருந்தார்கள். நான் காபி கொண்டு போனேன். மாப்பிள்ளை கூச்ச சுபாவம். ரொம்ப நேரம் யோசித்து, சபையில் ஏதாவது பேசவேண்டுமே என்று, "போட்டோவுல பாத்த மாதிரியே இருக்காங்க" என்றார்.

மாமா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "போட்டோவ மட்டும் நம்பாதீங்க மாப்பிள்ளை. எடுத்தது அவளேதான்."

கல்யாணம் நடந்துவிட்டது. என் வீட்டுக்காரர் இன்றுவரை, நான் எந்தப் படத்தைக் காட்டினாலும், முதலில் மாமாவுக்குத்தான் போன் போடுகிறார்.