நெட் இல்லாமல் நகராத பஸ்

"இந்த வீட்டுக்குள் ஒன்று இன்டர்நெட் இருக்கும், இல்லையென்றால் நான் இருப்பேன்!"

நான்கு வருஷத்துக்கு முன்னால் சாப்பாட்டு மேஜையைக் குத்தி இப்படிச் சபதம் செய்தேன். மேஜையின் ஒரு கால் இன்னும் ஆடுகிறது. காரணம் என் மச்சினி. கடல் தாண்டி இருக்கிறாள். நெட் வந்தால் தினமும் வீடியோவில் வந்து, அக்காவோடு சேர்ந்து என்னை ஆராய்ச்சி செய்வாள். அவள் அனுப்பிய டேப்லெட் பீரோவில் சேலைக்கடியில் படுத்துக் கிடந்தது.

இன்றைக்கு இந்த வீட்டில் இன்டர்நெட்டும் இருக்கிறது, நானும் இருக்கிறேன். எப்படி என்று சொல்கிறேன். சொல்லும்போதே வயிறு எரிகிறது.

நான் முப்பத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவன். நான் வளைவில் திரும்பினால் விளக்குக் கம்பம் அரையடி ஒதுங்கி நிற்கும். போன வருஷம் கண் டாக்டர் சுவரில் இருந்த எழுத்தைப் படிக்கச் சொன்னார். எனக்குச் சுவரே தெரியவில்லை. லைசென்ஸ் போயிற்று. அன்றிலிருந்து சாப்பாட்டுத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தேன். பார்க்கச் சகிக்காமல், என் பிறந்த நாளுக்கு வீட்டுக்காரி ஒரு கேம் கன்சோல் வாங்கி வந்தாள். பஸ் ஓட்டுகிற விளையாட்டு. கூடவே அசல் போலவே ஒரு ஸ்டியரிங்.

அழுதேவிட்டேன். டிவியில் மாட்டி, ஹாரன் அடித்தேன். பஸ் வரவில்லை. எழுத்து வந்தது: 'இன்டர்நெட்டுடன் இணைக்கவும்.'

"என்னடி இது?"

"எனக்கென்ன தெரியும்? உங்க பெட்டி, நீங்களே கேளுங்க."

"பஸ் ரோட்டுல போகுமா, நெட்டுல போகுமா?"

"கோவப்படாதீங்க. பிரஷர் ஏறும்."

"பஸ்லதான் ஏற முடியல, பிரஷராவது ஏறட்டும்!"

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.

"பிரிச்ச பெட்டிய திரும்ப எடுக்க மாட்டோம் சார்," என்றார் கடைக்காரர்.

"பிரிக்காம எப்படிய்யா தெரியும், ஓடாதுன்னு?"

"அட்டையில போட்டிருக்கே சார்."

போட்டிருந்தது. அடிப்பக்கத்தில், எறும்பு படிக்கிற அளவில். கண்ணால் வேலை போனவனிடம் நீட்டுகிறார்!

"நான் தனியாத்தானே ஓட்டப் போறேன், எதுக்குய்யா நெட்டு?"

"தினமும் ஓடி முடியற வரைக்கும் கம்பெனிகிட்ட கேட்டுக்கிட்டே இருக்கும் சார். நீங்க முறையா வாங்குனவர்தானான்னு."

"அப்ப நான் திருடனா? தினம் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடணுமா? கட்டில் செஞ்சவன்கிட்ட கேட்டுட்டுத்தான் படுக்கணுமா? நாளைக்குக் கம்பெனிய இழுத்து மூடிட்டா?"

"ஓடாது சார்."

"அப்ப இது என்னோடதா, அவனோடதா?"

கடைக்காரர் ஃபேனைப் பார்த்தார். அது மட்டும் யாரையும் கேட்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.

அடுத்த வீட்டுத் தையல்காரரிடம் கெஞ்சி, அவருடைய நெட்டைச் சுவர் வழியாக இரவல் வாங்கினேன். அது எங்கள் குளியலறை வரைக்கும்தான் எட்டியது. டிவியைக் குளியலறைக்குத் தூக்கினேன். கவிழ்த்த வாளிதான் டிரைவர் சீட். நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு பாலத்தில் திரும்புகிறேன். தையல்காரர் வெளியே கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். பஸ் அப்படியே நின்றது. முன்சக்கரம் அந்தரத்தில். முப்பத்தாறு வருஷத்தில் ஒரு பயணியைக்கூடப் பாதி வழியில் விட்டவனில்லை நான்! கத்தின கத்தலில் ஷவர் தானாகத் திறந்துகொண்டது.

சொட்டச் சொட்ட வெளியே வந்தேன். "நானே நெட்டு வாங்குறேன்!"

வீட்டுக்காரி பதறினாள். "வேண்டாங்க. மேஜை உடையச் சபதம் போட்டவரு நீங்க. நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"சபதத்தத் தூக்கிக் குப்பையில போடு! நாப்பது பேரு பாலத்துல தொங்குறாங்க!"

"நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிச்சாச்சு!"

"அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்!"

மறுநாள் இணைப்பு வந்தது. தொங்கியவர்களை இறக்கிவிட நான் உட்காருவதற்குள் பீரோ திறந்தது. சேலைக்கடியிலிருந்து டேப்லெட் எழுந்து வந்தது. முழு சார்ஜோடு! அதற்குள்ளிருந்து மச்சினி கூப்பிட்டாள்:

"அத்தான், இளைச்சிட்டீங்களே! தலையத் திருப்புங்க, வழுக்கை எதுவரைக்கும் வந்திருக்குன்னு பாக்கணும்."

வந்த கோபம் முழுவதையும் பேனாவில் இறக்கினேன். நுகர்வோர் நீதிமன்றத்துக்கு நாலு பக்கம் புகார். முதல் குற்றச்சாட்டு: நெட் இல்லாமல் ஓடாது என்பதை வாங்க வந்தவரிடம் மறைத்து விற்றது. அனுப்புவதற்கு முன்னால் கடைக்காரர் எதிரில் நின்று, தெருவே கேட்கும்படி படித்தேன்.

அவர் கடைசி வரி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"மறைக்கல சார். நெட்டே வேண்டாத பெட்டி ரெண்டு எடுத்துக் காட்டினேன். அம்மாதான் தள்ளி வச்சாங்க. 'நெட்டு இல்லாம ஒரு அடிகூட நகராததா ஒண்ணு குடுங்க, வீட்டுக்காரருக்கு'ன்னு கேட்டு வாங்கிட்டுப் போனாங்க."