மாமனாருக்குப் புகை போட்ட கதை

வண்டியைப் பற்றி ஒன்றுமே தெரியாதவனால் யாருக்கும் ஆபத்து இல்லை. அரைகுறையாகத் தெரிந்தவனைத்தான் கட்டிப்போட வேண்டும். என்னை ஆறு வருடத்துக்கு முன்பே கட்டிப்போட்டிருக்கலாம்.

வங்காளிகள் ஊரான சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிற எனக்குப் பிக்கப் டிரக் எதற்கு? (மனைவி மீனாவும் இதைத்தான் கேட்டாள். அவள் வார்த்தைகளை அச்சில் போட முடியாது.) அது பின்சீட்டும் உள்ள பழைய வண்டி. மேம்பாலம் ஏறும்போதெல்லாம் முனகும். மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "தாதா, இந்த கன்வெர்ட்டர்தான் வண்டியோட கழுத்தை நெரிக்குது. கழட்டிட்டா பறக்கும்" என்று ஹிந்தியில் சொன்னார். ('தாதா' என்றால் இங்கே அண்ணன்.) புகையின் நச்சைக் குறைப்பதற்கென்றே வைத்திருக்கும் பாகம் அது, கழற்றுவது குற்றம் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் தலையாட்டினேன். அதை எடுத்துவிட்டு வெறும் குழாயைப் பற்றவைத்தார். வீட்டில் 'சர்வீஸ்' என்று சொல்லிவைத்தேன்.

வண்டி உறுமியது. சிக்னலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மாமனாருக்கு டிஸ்சார்ஜ். நுரையீரல் கெட்டுப் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். "புகையே ஆகாது" என்று டாக்டர் சொன்னபோது எல்லோரையும்விட பலமாகத் தலையாட்டியவன் நான். மீனா டாக்சி கூப்பிடலாம் என்றாள்.

"நம்ம வண்டி இருக்கும்போதா?" என்றேன்.

லேக் கார்டன்ஸ் வீட்டுக்குப் போகிற வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல்களை ஏற்றினோம். தேங்கிய தண்ணீரில் நெரிசல். முக்கால் மணி நேரம் வண்டி நின்ற இடத்திலேயே உறுமியது. அடியில் பற்றவைத்த இடம் விட்டுப்போயிருந்தது எனக்குத் தெரியாது.

"ஏங்க, ஏதோ வாடை வருதே?"

"மழை பெஞ்சா இந்த ஊர்ல அப்படித்தான்."

பின்சீட்டில் மாமனார் மீனாவின் தோளில் சாய்ந்து கண்ணை மூடினார். "பாத்தியா, ஆஸ்பத்திரியில வராத தூக்கம் நம்ம வண்டியில வருது" என்றேன். (இதை நானேதான் சொன்னேன். சாட்சி இருக்கிறது.)

பக்கத்து டாக்சிக்காரர் இறங்கி வந்து என் கண்ணாடியைத் தட்டினார். "தாதா, நீச்சே தேகுன்! தோயா!" அடியில் புகை என்கிறார். மீனா அப்பாவை உலுக்கினாள். அவர் உதடு நீலம் பூத்திருந்தது.

எதிர்ப்பக்கம் காலியாக இருந்ததால் அதே டாக்சியில் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி ஓடினோம். அதே வார்டு, அதே கட்டில். விரிப்பைக்கூட இன்னும் மாற்றவில்லை. ஆக்சிஜன் வைத்துவிட்டு டாக்டர், "எந்த வண்டியில் போனீர்கள்?" என்றார். சொன்னேன், கழற்றியது உட்பட.

"சர்வீஸ்னுதானே சொன்னீங்க?" என்றாள் மீனா. பிறகு ஒன்பது நாள் பேசவில்லை.

மாமனார் பிழைத்துக்கொண்டார். கண் விழித்ததும், "மாப்ள, என்னைப் பிடிக்கலைன்னா வாயால சொல்லியிருக்கலாமே" என்றார்.

புது கன்வெர்ட்டர் மாட்டி வண்டியை விற்றேன். அன்றிலிருந்து நான் எந்த அறைக்குள் போனாலும் யாராவது எழுந்து ஜன்னலைத் திறப்பார்கள். ஆரம்பித்துவைத்தவர் மாமனார்தான். ஜனவரிக் குளிரிலும் விட மாட்டார்.

அடுத்த வருடம் அவர் காலமானார். பழைய வியாதிதான் காரணம் என்றார் டாக்டர். நான் மூன்று முறை கேட்டுக்கொண்டேன். அவரைக் கிடத்தியிருந்த அறைக்குள் நான் நுழைந்ததும், அழுதுகொண்டிருந்த மாமியார் எழுந்தார். ஜன்னலைத் திறந்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து அழுதார்.