மாசுமருவற்ற தொழில்

"ஐயோ, இதையுமா துடைச்சீங்க?"

மனைவி கத்தியபோது ஸ்டூடியோக்காரர் கைக்குழந்தை முதல் வழுக்கைத் தலைப் பெரியவர் வரை படத்தில் இருந்த எல்லோரையும் கம்ப்யூட்டரில் பளிங்காக்கிச் சேமித்து முடித்திருந்தார். கல்யாணப் படங்களில் மருவையும் பருவையும் ஒழித்தே பேர் வாங்கியவர். கண்ணில் சிவப்பாக ஏதாவது பட்டால் கை சும்மா இருக்காது.

"முகத்துல கட்டியோட யாராவது போஸ் குடுப்பாங்களா?"

"இது ஆஸ்பத்திரிப் படம்! டாக்டரோட டிரைவர் குடுக்கும்போதே சொன்னாரே, ரத்தக்குழாய்க் கட்டி பத்தி நாளைக்கு மாநாட்டுல பேசறாராம்னு. கட்டியே இல்லாம எதைக் காட்டிப் பேசுவார்?"

அவர் அவசரமாகப் பழைய படங்களைத் தேடினார். அவற்றின் மேலேயே புதியவற்றைச் சேமித்திருந்தார். இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எந்த டாக்டராவது யாருக்காவது தப்பாக வைத்தியம் பார்த்தால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? கடையை மூடிவிட்டு ஓட வேண்டியதுதான்.

வழி ஒன்றுதான் இருந்தது. துடைத்த கையே கட்டிகளைத் திரும்ப வைக்க வேண்டும்.

மனைவி போனில் தேடி வாசித்தாள். "சாதுவான கட்டின்னா செக்கச்செவேல்னு, ஓரம் தெளிவா இருக்குமாம். குழந்தைக்கு வர்றது பெரும்பாலும் தானாவே சுருங்கிடுமாம். புற்றுன்னா கன்னிப்போன மாதிரி ஊதாவா, ஓரமே தெரியாம பரவுமாம்."

அவர் வரைந்தார். இத்தனை வருடப் பழக்கம் விடுமா? கட்டிகள் எல்லாம் நல்ல வெளிச்சத்தில், லட்சணமாக வந்தன.

"அடப்பாவமே, பச்சைக் குழந்தைக்குப் போய்ப் புற்று வச்சிருக்கீங்க!"

குழந்தையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அதைப் பெரியவர் தலைக்கு மாற்றினார். வழுக்கையில் அது எடுபடவில்லை என்று கொஞ்சம் பெரிதாக்கினார். மருத்துவ உலகுக்கு அவரால் ஆன சேவை.

மறுநாள் படங்களை வாங்கிப்போன டிரைவர், போன வேகத்திலேயே திரும்பி வந்து உறையை மேஜையில் போட்டார்.

ஸ்டூடியோக்காரர் முந்திக்கொண்டார். "தம்பி, உண்மையைச் சொல்லிடறேன். பழக்கதோஷத்துல எல்லாத்தையும் துடைச்சிட்டேன். அப்புறம் பயந்துபோய் நானேதான் திரும்ப வரைஞ்சேன்."

டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"கட்டியோட இருக்கற படம் டாக்டர்கிட்டயே இருக்கு சார்! அவர் மருந்துல குணமான மாதிரி படம் வேணும்னுதானே, பாத்துப் பாத்து உங்க கடைக்கு அனுப்பினார்!"