மடிக்கத்தக்க வெட்டுக் கருவி

மனிதகுலம் இரும்பை உருக்கக் கற்று மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இத்தனை காலத்தில் கோடிக்கணக்கானோர் கத்தி வாங்கியிருப்பார்கள். ஆனால் ஒரு கத்தியை முறைப்படி, விதிப்படி, கோப்புப்படி தேர்ந்தெடுத்தவர்கள் உலகத்திலேயே நாங்கள்தான். விழுப்புரத்தில் ஒரு வாடகைக் கட்டிடத்தின் இரண்டாவது மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். ஏரிகளைப் பராமரிப்பது எங்கள் பணி. மாடியிலிருந்து பார்த்தால் ஒரு ஏரியும் தெரியாது என்பதால் கவனம் சிதறாமல் வேலை நடக்கிறது. அலுவலகத்தின் பெயரைத் தன்னடக்கம் கருதிச் சொல்லவில்லை. நான் அங்கே கண்காணிப்பாளர். பெயர் ஜெகதீசன்.

இந்தச் சாதனைக்குக் காரணமாக இருந்தது ஜெயம் என்கிற களப்பணியாளர் கொடுத்த ஒரு மனு. ஏரியில் இறங்கி ஆகாயத்தாமரையை வாருவது, மதகில் அடைத்துக்கொள்ளும் குப்பையை எடுப்பது, யாரோ போட்டுவிட்டு மறந்துபோன நைலான் வலைகளை அறுத்து இழுப்பது ஆகியவற்றுக்காக எங்களிடம் ஏழு பேர் தினக்கூலிக்கு இருக்கிறார்கள். ஜெயம் அவர்களில் ஒருவர். திண்டிவனத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். அலுவலகத்துக்குப் பொருந்தாத குணம்.

மனு மூன்று வரி. 'நைலான் வலை அறுக்க மடக்குக் கத்தி வேண்டும். உறுதியாக இருக்க வேண்டும். முந்நூறு ரூபாய்க்குள் கிடைத்தால் போதும்.'

"அருவா இருக்குதேம்மா. அதை எடுத்துக்கினு போறதுக்கு இன்னா?" என்று கேட்டேன்.

"பஸ்ஸுல ஏத்த மாட்டேங்கறாங்க சார். போன வாரம் திருவெண்ணெய்நல்லூர் போறப்ப கண்டக்டரு பாதி வழியில எறக்கி வுட்டாரு. விக்கிரவாண்டியில போலீசு நிறுத்தி எந்தக் கேசுன்னு கேக்கறாங்க."

"கத்தி இல்லாமலே இத்தனை நாள் ஓடலையா?"

"எங்க கூட வேலை செய்யற மாரியப்பன் அண்ணனுக்கு ஓடல சார். மதகாண்ட வலையில கை மாட்டிக்கிச்சு. கத்தி இல்லாம பல்லால கடிச்சு அறுத்துக்கினு வந்தாரு. ரெண்டு பல்லு போயிடுச்சு."

அந்த விவரத்தைத் தனி மனுவாகத் தரச் சொன்னேன். தந்தார். ஆதாரமாகப் பற்கள் இணைக்கப்படவில்லை என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினேன். மூன்று வரி மனு மட்டும் மேலே போயிற்று.

எங்கள் அதிகாரி மணிமாறன் அவர்கள் தொலைநோக்கு உடையவர். பக்கத்தில் இருப்பது அவ்வளவாகத் தெரியாது. மனுவைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"ஜெகதீசன், கத்தி ஆயுதம். கோப்புல கத்தின்னு எழுதினா நாளைக்கு ஆடிட்ல கேப்பான், ஏரி ஆபீசுல எதுக்குய்யா ஆயுதம்னு. பேரை மாத்துங்க."

அன்று மாலைக்குள் அது 'மடிக்கத்தக்க வெட்டுக் கருவி' ஆயிற்று. 'கடின வெளிப்புறப் பயன்பாட்டுக்குரிய, உறுதியான, கட்டுப்படியாகும் விலையிலான மடிக்கத்தக்க வெட்டுக் கருவித் தேர்வுக் குழு' அமைக்கப்பட்டது. மணிமாறன் தலைவர். நான் உறுப்பினர் செயலர். கணக்கு அலுவலர் இளவரசி மேடம் உறுப்பினர். ஜெயத்தைச் சேர்க்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. கத்தியைப் பயன்படுத்தப் போகிறவர் நடுநிலையோடு இருக்க மாட்டார் என்பதால் கைவிடப்பட்டது.

குழு பதினோரு முறை கூடியது. முதல் மூன்று கூட்டங்கள் 'வெளிப்புறம்' என்றால் என்ன என்பதைப் பற்றியவை. அலுவலக வராந்தா வெளிப்புறமா என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. கூரை உண்டு, மின்விசிறி இல்லை என்பதால் 'மிதமான வெளிப்புறம்' என்று தீர்மானமாயிற்று. நான்காவது கூட்டத்தில் இளவரசி மேடம் ஒரு நுட்பமான கேள்வியை எழுப்பினார்.

"கத்தியை யூஸ் பண்ணினா கூர் தேயும். வருசா வருசம் தேய்மானம் எழுதணும். கத்திக்குத் தேய்மானம் போடறதா, கூருக்குத் தனியாப் போடறதா சார்?"

"மொட்டையா வாங்கிட்டா?" என்றார் மணிமாறன்.

கணக்கு சுலபமாகும் என்று மேடம் ஒப்புக்கொண்டார். ஆயினும் அது பரிசீலனையில் வைக்கப்பட்டது.

விலை மலிவான கத்தியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று ஆராய, குயிலாப்பாளையத்தில் கொஞ்சம் விலை கூடிய விடுதி ஒன்றில் இரண்டு நாள் கருத்தரங்கு நடத்தினோம். அங்கேதான் வல்லுநர் இனியவனைச் சந்திக்கும் பேறு கிடைத்தது. யூடியூபில் கத்திகளைப் பற்றிப் பேசுகிறவர். காட்டுக்குள் போகிறவர் போல ஆறு பாக்கெட் வைத்த கால்சட்டை போட்டிருந்தார். அவரிடம் முப்பத்தெட்டுக் கத்திகள் இருந்தன. ஒன்றிலும் ஒரு கீறல் இல்லை.

"ஹார்டு யூஸ்தான் சார் நம்ம ஏரியா. ஸ்டீலு, லாக்கு, கோட்டிங், எல்லாமே அல்டிமேட்டா இருக்கணும்" என்றார்.

"தம்பி, நீங்க இன்னா வெட்டிப் பாத்திருக்கீங்க?" என்று கேட்டேன்.

"பேப்பர் சார்."

ஒரு வெள்ளைத்தாளைத் தூக்கிப் பிடித்துக் காற்றிலேயே சர்ரென்று இரண்டாக்கிக் காட்டினார். எங்கள் அலுவலகத்திலும் பெரும்பாலும் காகிதம்தான் கையாளப்படுகிறது என்பதால் அனைவரும் கைதட்டினோம்.

இரண்டாம் நாள் ஜெயம் வரவழைக்கப்பட்டார். 'பயனாளி கருத்துக் கேட்பு' என்று நிகழ்ச்சி நிரலில் பத்து நிமிடம் இருந்தது. புகைப்படத்துக்கு எட்டு, கருத்துக்கு இரண்டு. இனியவன் தன் முதன்மைத் தேர்வை அவர் கையில் கொடுத்தார். கன்னங்கரேலென்று ஒரு கத்தி. ஜெயம் அங்கிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து உள்ளங்கையை நனைத்துக்கொண்டு, கட்டை விரலால் அதைத் திறக்கப் பார்த்தார். வழுக்கியது. மறுபடியும் பார்த்தார்.

"ஈரக்கையில ஒத்தக்கையால தொறக்க வரலியே தம்பி. ஒரு கையி வலையப் புடிச்சிக்கினு இருக்கும்."

"ரெண்டு கையால தொறங்கக்கா. அதான் சேஃப்டி."

"கருப்பா இருக்குது. சேத்துல வுழுந்தா தேட முடியாது. பிடியில ஒரு ஓட்டை இருந்தா கயிறு கட்டி இடுப்புல மாட்டிக்கலாம்."

"ஓட்டை போட்டா லுக்கு போயிடும்கா."

"கூரு போனா?"

"ஜப்பான் கல்லு ஒண்ணு இருக்கு. அதுல தேய்க்கணும்."

"எங்கூட்ல அம்மிதான் இருக்குது" என்று சொல்லிவிட்டு ஜெயம் கத்தியை மடக்கி மேசைமேல் வைத்தார். இரண்டு நிமிடமும் முடிந்துவிட்டது. 'பயனாளி மனநிறைவு தெரிவித்தார்' என்று நான் பதிவு செய்தேன். திரும்பிப் போக பஸ் எந்தப் பக்கம் வரும் என்று என்னிடம் கேட்டார். எங்கள் வண்டியில் இடமிருந்தது. ஆனால் பயனாளி குழுவோடு பயணம் செய்ய விதி இல்லை.

பதினான்காவது மாதம், இருநூற்றுப் பன்னிரண்டு பக்க அறிக்கையோடு, அதே கருப்புக் கத்தி தேர்வாயிற்று. கட்டுப்படியாகும் விலை என்பதற்கு 'அலுவலகத்துக்குக் கட்டுப்படியாகும் விலை' என்று குழு விளக்கம் கண்டதால் தடையேதும் வரவில்லை. ஏழு கத்திகள் வந்து இரும்புப் பெட்டகத்தில் ஏறின. பணியாளர்களிடம் கொடுப்பதற்கு முன்பு ஒரே ஒரு சடங்குதான் பாக்கி. அதிகாரி நேரில் ஏரியில் இறங்கிச் சோதித்துக் 'களச் சான்று' தர வேண்டும்.

அதற்காகத் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏரிக்குப் போனோம். முந்தின வாரம் பெய்த மழையில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. காலை பதினொரு மணி. மணிமாறன் அவர்கள் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். கத்தி என்னிடம் இருந்தது. இளவரசி மேடத்திடம் வழங்கல் பதிவேடு இருந்தது. இனியவனிடம் கேமரா. ஜெயம் மட்டும் மதகைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், அந்தப் பக்கம் எறங்காதீங்க. அடியில வலை கெடக்குது. தண்ணி உள்ள இழுக்குது" என்றார்.

"போட்டோவுக்கு மதகு தெரியணும்மா" என்று சொல்லிவிட்டு அதிகாரி இறங்கினார்.

நாலாவது அடியில் சட்டென்று நின்றார். சிரித்துக்கொண்டே காலை உதறினார். வலை இன்னும் சுற்றிக்கொண்டது. பூட்ஸுக்குள் புகுந்திருந்த தண்ணீர் கனத்தது. மதகுப் பக்கம் ஒரு இழுப்பு. இடுப்பளவு இருந்த தண்ணீர் மார்பளவாயிற்று. சிரிப்பு நின்றுவிட்டது.

"ஜெகதீசன், கத்தி. ஜல்தி."

அறிக்கையில் நாங்கள் கவனிக்கத் தவறிய ஒரு சிறிய அம்சம் அப்போதுதான் தெரிந்தது. கத்தி கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டி மூடப்பட்டிருந்தது. நகத்தால் கீறிப் பார்த்தேன். சாவியால் நோண்டிப் பார்த்தேன். அதைப் பிரிக்க ஒரு கத்தி வேண்டும்.

"சார், உறையைச் சேதப்படுத்த உங்க உத்தரவு இருக்குதுங்களா?" என்று கேட்டேன். பழக்கம்.

"கையெழுத்து இல்லாம பிரிக்கக் கூடாதுங்க. அப்புறம் ஸ்டாக்குல பேஜாரு" என்று இளவரசி மேடம் பதிவேட்டைத் தண்ணீரை நோக்கி நீட்டினார். அதிகாரியும் பாவம், ஒரு கையை நீட்டத்தான் செய்தார். எட்டவில்லை. தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டது.

"சார், கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க" என்றார் இனியவன்.

அப்போது ஜெயம் என்னைத் தாண்டி ஓடினார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குதித்தார். இடுப்புக் கயிற்றிலிருந்து சிவப்புப் பிடி போட்ட ஒரு மடக்குக் கத்தியை எடுத்துக் கட்டைவிரலால் நெட்டித் திறந்தார். 'டிக்' என்று ஒரு சத்தம். இடது கையால் வலையை அள்ளிப் பிடித்துக்கொண்டு தலையோடு முங்கினார். சற்று நேரத்துக்கு நீர்க்குமிழி தவிர ஒன்றும் தெரியவில்லை. உறையைப் பல்லால் கடித்து இழுத்தேன். இதை நான் எந்தக் குறிப்பிலும் எழுதவில்லை. பிறகு அதிகாரி தக்கையைப் போல மேலே வந்தார். ஒரு பூட்ஸ் இல்லை. ஜெயம் அவரைச் சட்டைக் காலரைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்து போட்டார்.

ஜெயத்தின் இடது உள்ளங்கையை வலை கோடு கோடாக அறுத்திருந்தது. ரத்தம் சொட்டியது. முந்தானையைக் கிழித்துச் சுற்றிக்கொண்டார். கிழிக்கவும் அதே கத்திதான்.

மணிமாறன் அவர்கள் பத்து நிமிடம் இருமினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவருக்குள் இருந்த அதிகாரி கரையேறினார்.

"அது இன்னா கத்தி?"

"எங்கத்தி சார். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டாண்ட சாணை புடிக்கிறவர்கிட்ட வாங்கினேன். நூத்தி எம்பது ரூபா."

"யார் பர்மிஷன் குடுத்தது?"

ஜெயம் கத்தியை மடக்கினார். "மனு குடுத்து பதினாலு மாசம் ஆவுதுங்க சார். வலை காத்துக்கினு இருக்குமா?"

மறுநாள் குற்றச்சாட்டுக் குறிப்பாணையை நான்தான் தயாரித்தேன். என் பணிக்காலத்தில் நான் எழுதியவற்றிலேயே நடை நயம் மிக்கது அது. ஒன்று, அங்கீகரிக்கப்படாத வெட்டுக் கருவி வைத்திருந்தது. இரண்டு, களச் சோதனை நடந்துகொண்டிருக்கும்போது குறுக்கிட்டு அதை முடியவிடாமல் செய்தது. மூன்று, உயர் அதிகாரியின் காலரைப் பிடித்தது. விசாரணையையும் நானே நடத்தினேன். ஜெயம் கட்டுப் போட்ட கையோடு வந்து நின்றார்.

"உங்க கத்தி குழு தேர்ந்தெடுத்ததா?"

"இல்ல சார்."

"அப்புறம் எதுக்கு அதை யூஸ் பண்ணீங்க?"

"சாரு மூழ்கிக்கினு இருந்தாரு சார்."

"கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்க."

"அதான் சார் பதிலு."

எழுத்துமூலம் விளக்கம் தரச் சொன்னேன். நின்றபடியே எழுதிக் கொடுத்தார். ஒரே வரி. 'அடுத்த முறை ஐயா மூழ்கும்போது அனுமதி வந்த பிறகு அறுக்கிறேன்.'

விதிகளுக்கு இவ்வளவு பணிவாக யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. மகிழ்ச்சியோடு அதிகாரியிடம் கொண்டுபோனேன். அவர் இரண்டு முறை படித்தார். முகம் ஒரு மாதிரி ஆயிற்று. மின்விசிறியைக் கூட்டச் சொன்னார்.

"ஃபைலை முடிச்சிடுங்க ஜெகதீசன். எச்சரிக்கை மட்டும் போதும். அந்தக் கத்தியை வாங்கி வெச்சுக்கோங்க."

வாங்கி வைத்துக்கொண்டோம். எங்கள் அறிக்கை முன்மாதிரியாக வேறு மாவட்டங்களுக்குச் சுற்றுக்கு விடப்பட்டிருக்கிறது. களச் சான்று வராததால் ஏழு கருப்புக் கத்திகளும் உறை பிரியாமல் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கின்றன. சான்று தர வேண்டிய மணிமாறன் அவர்கள் இப்போதெல்லாம் எந்த ஏரியிலும் இறங்குவதில்லை.

பருவமழை பிடித்துக்கொண்டது. மதகு அடைத்துவிட்டதென்று இன்று காலை மூன்று ஊர்களிலிருந்து போன் வந்தது. ஜெயம் உட்பட ஏழு பேரையும் அனுப்பியிருக்கிறேன். புறப்படும் முன் ஒவ்வொருவர் பையையும் நானே திறந்து பார்த்தேன். ஒருவரிடமும் கத்தி இல்லை என்று சான்றளித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.