இல்லாத கியரை மாற்றுகிறவர்

யாங்கோனில் ஓடும் சின்ன ஜப்பான் கார்களுக்குள் ஒரு வகை மனிதர் உட்கார்ந்திருக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் மற்றவர்களைப் போலத்தான் இருப்பார்: லுங்கி, அரைக்கைச் சட்டை, கண்ணாடிக்கு மேல் சிக்னலில் வாங்கித் தொங்கவிட்ட மல்லிகைச் சரம், முன்னால் நகராத நாற்பது கார்கள். ஆனால் அவருடைய விரல்களைப் பாருங்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாக, காது மடல் போல இரண்டு தகடுகள் நீட்டிக்கொண்டிருக்கும். வலதில் கூட்டல் குறி, இடதில் கழித்தல் குறி. அவர் அவற்றைத் தட்டிக்கொண்டே இருப்பார். கார் நிற்கும்போதும் தட்டுவார். இவர்தான் இல்லாத கியரை மாற்றுகிறவர்.

ஏன் இல்லாத கியர் என்கிறேன்? அந்தக் கார் ஆட்டோமேட்டிக். அதன் வயிற்றுக்குள் பல் வைத்த சக்கரங்கள் ஏழு வரிசையாக நிற்கவில்லை. ஒரு பெல்ட் இரண்டு உருளைகளுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, அவ்வளவுதான். ஆனால் செய்தவர்களுக்கு மனித சுபாவம் தெரிந்திருக்கிறது. ஏழு கியர் இருப்பது போல நடிக்க அந்தப் பெல்ட்டுக்குக் கற்றுக்கொடுத்து, நடிப்பை ஆரம்பித்துவைக்க இரண்டு தகடுகளையும் பொருத்திவிட்டார்கள். நீங்கள் கழித்தலைத் தட்டினால் அது ஓர் உத்தரவு அல்ல, விண்ணப்பம். கார் அதைப் பரிசீலிக்கும். பிடித்தால் ஏற்கும். பிடிக்காவிட்டால் எண்ணை இரண்டு முறை மின்னிக் காட்டி மறுத்துவிடும். ஏற்றுக்கொண்டாலும் சில விநாடிகளில், நீங்கள் கவனிக்காத நேரம் பார்த்து, பழையபடி தன் வழிக்கே போய்விடும். விண்ணப்பித்தவரோ ஆணையிட்ட களிப்பில் இருப்பார்.

விருப்பம் நம்முடையதா, ஏற்கெனவே முடிவாகிவிட்டதா என்று எத்தனையோ பேர் எத்தனையோ தடித்த புத்தகங்கள் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் பலவற்றை நான் பாதியில் மூடியிருக்கிறேன். ஆயிரத்து முந்நூறு சிசி காரில் ஒரு நாள் பயணம் செய்திருந்தால் அவர்கள் சீக்கிரம் முடித்திருக்கலாம்.

இந்த வகைக்கு ஒரு மாதிரி தேடி நான் வெகுதூரம் அலையவில்லை. தாமுவேயில் நான் இருக்கும் கட்டடத்தின் முதல் மாடியில் குடியிருக்கிறார் தஸ்தகீர் பாய். கீழேயே அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடை. காரில் ஏறிய உடனே அவர் செய்யும் சடங்குகள் உண்டு. சீட்டை அரை அங்குலம் பின்னால் தள்ளுவார். விரல்களைச் சொடுக்குவார். கூட்டலை ஒரு தடவை, கழித்தலை ஒரு தடவை சும்மா தட்டி, தகடுகள் ராத்திரியில் திருட்டுப் போகவில்லை என்று உறுதிசெய்துகொள்வார். பிறகுதான் பிஸ்மி. சிக்னலில் பக்கத்தில் டாக்ஸி வந்து நின்றால் அவர் முகம் இறுகும். பச்சை விழுந்ததும் என்ஜின் கதறும். டாக்ஸி அமைதியாக முந்திப் போய்விடும். "அவன் ஆக்சிலேட்டர மிதிக்கிறான், நான் ஓட்டுறேன்" என்பார்.

"பாய், ஆட்டோமேட்டிக்கில் இதெல்லாம் எதுக்கு?" என்று ஒரு முறை கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பர்மியர்களைப் போல 'கோ' சேர்த்துத்தான் கூப்பிடுவார்.

"கோ முரளி, காரு நம்மள ஓட்டக் கூடாது. நாமதான் கார ஓட்டணும். தேர்டுல புடிச்சு வச்சா இந்த வண்டி புலி. தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. எனக்குத் தெரிந்தது, சென்ற ரமலானில் தின்கன்ஜூனில் இருக்கும் மச்சினிச்சி வீட்டுக்கு ஒரு வாளி நோன்புக் கஞ்சி புறப்பட்டது, அரை வாளி போய்ச் சேர்ந்தது. மீதி அரை வாளி, அவர் ஒரு வளைவில் கழித்தலை மூன்று தட்டுத் தட்டியபோது மிதியடிக்குக் கீழே இறங்கிவிட்டது. பெருநாள் கழிந்தும் அந்தக் காரில் வெந்தய வாசனை போகவில்லை. "பள்ளம்" என்று விளக்கம் சொன்னார். இந்த வகை மனிதர்களுக்கு எல்லாப் பிழையும் சாலையில்தான் இருக்கும்.

நியாயமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். நீண்ட இறக்கத்தில் கழித்தலைத் தட்டினால் என்ஜினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடாகாது. அந்தத் தகட்டுக்கு அது மெய்யான வேலை. யாங்கோனில் அப்படிப்பட்ட இறக்கம் என்று பார்த்தால் நாலைந்து மேம்பாலங்கள். அவற்றின்மேல் நெரிசலில் கார்கள் நின்றுகொண்டிருக்கும்.

இப்போது ரஹீமாவைச் சொல்ல வேண்டும். தஸ்தகீர் பாயின் மனைவி. அவர் சமைக்கும் தாம்பவுக், அதாவது எங்கள் ஊர்ப் பிரியாணி, எங்கள் தெருவுக்கு மட்டும் தெரிந்த ரகசியமாக இருந்தது. சென்ற மாதம் அது ஷ்வேப்யிதாவரை கசிந்து, அங்கே ஒரு தையல் ஆலையில் கான்டீன் பார்க்கும் ருமானா என்ற பெண், நாற்பது பேருக்கு ஒரு நாள் கொண்டுவரச் சொன்னாள். பிடித்துப்போனால் வாராவாரம். ஆனால் ஆலைக்குச் சாப்பாட்டு நேரம் அரை மணிதான். பன்னிரண்டுக்கு மணி அடிக்கும், பன்னிரண்டரைக்கு மெஷின் ஓடும். பன்னிரண்டே காலுக்குப் போகிற பிரியாணி பிரியாணியே அல்ல. மேலே ஊற்றிக்கொள்ளத் தால்ச்சாக் குழம்பு இல்லாமல் போனாலும் அல்ல.

புதன்கிழமை காலை பத்தரைக்கு பிரியாணி டேக்சா பின்சீட்டில் ஏறியது. பக்கத்தில் நான் ஏறினேன், தால்ச்சா அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொள்ள.

"முரளியண்ணே, மூடிய மட்டும் விட்டுறாதீங்க" என்றார் ரஹீமா. பிறகு புருஷனிடம் திரும்பினார். "ஏங்க, இன்னிக்கி மட்டும் அத தட்டாதீங்க."

"எத?"

"எதன்னு ஒங்களுக்குத் தெரியாதா? கஞ்சி போச்சுல்ல, அத."

"அன்னிக்கிப் பள்ளம், ரஹீமா."

"பள்ளத்த யாரு தட்டுனா?"

தட்டமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். இன்சின் ரோட்டைத் தொடும்வரை அது தாங்கியது. அதுவரை அவர் விரல்கள் தகடுகளின்மேல் சும்மா கிடந்ததைப் பின்சீட்டிலிருந்து பார்த்தேன். பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவது போல அவை தேடிக்கொண்டிருந்தன.

பதினொன்று இருபதுக்கு, போக ஒன்று, வர ஒன்று என இரண்டே தடம் இருந்த சாலையில், எங்களுக்கு முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி வந்து மாட்டியது. அதுவும் ஷ்வேப்யிதாவுக்குத்தான் போகிறது; நிதானமாக, அலுங்காமல், எந்தக் கவலையும் இல்லாமல். அதே நேரம் ருமானாவின் போன்.

"மாமி, எங்க இருக்கீங்க? மேனேஜரு ரெண்டு வாட்டி கேட்டுட்டாரு."

"வந்துக்கிட்டே இருக்கோம், புள்ள. தட்டெல்லாம் எடுத்து வையி."

தட்டு என்ற சொல் காதில் விழுந்ததோ என்னவோ, தஸ்தகீர் பாய் நிமிர்ந்தார். டக், டக், டக். மூன்றாவது கியர். என்ஜின் அலறியது, கார் முன்னால் குனிந்தது, தால்ச்சா என் கைகளுக்கு நடுவே எழுந்து மூடியை முட்டிப் பார்த்துவிட்டு இறங்கியது.

"ரஹீமா, பாரு!"

இங்கேதான் எங்கள் ஊரின் விசேஷம் வருகிறது. இங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்களில் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே. ஆகவே ஓட்டுகிறவர் நடைபாதையோரம் உட்கார்ந்திருப்பார்; முன்னால் போகும் லாரியைத் தாண்டி எதிரே என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியாது. இடப்பக்கம் இருப்பவருக்குத்தான் தெரியும். அவர் எட்டிப் பார்த்து, "யாதே" என்று பர்மிய மொழியில் சொன்னால் முந்தலாம். "மயபூ" என்றால் கூடாது. நகரத்தில் எத்தனை ஆண்கள் எத்தனை கியர் மாற்றினாலும், கடைசிச் சொல் இடப்பக்க இருக்கையில் இருக்கிறது. இருபது வருஷமாக அந்த இருக்கை ரஹீமாவுடையது.

ரஹீமா எட்டிப் பார்த்தார். பின்சீட்டின் இடப்பக்கத்திலிருந்து நானும் எட்டிப் பார்த்தேன். சாலை அடுத்த வளைவுவரை காலி. ஒரு நாய்கூட இல்லை.

"மயபூ" என்றார் ரஹீமா. "பஸ் வருது."

நான் மூடியை இறுக்கிப் பிடித்தேன்.

பாய் பெருமூச்சு விட்டார். சற்று நேரத்தில் கார் அவருக்குத் தெரியாமல் மூன்றாவது கியரை ரத்துசெய்துவிட்டுச் சாந்தமானது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி டக், டக்.

"இப்ப பாரு."

"மயபூ. இன்னொரு பஸ்."

"இந்த ரோட்டுல எங்கேருந்து இத்தன பஸ்ஸு?"

"நீங்க ரோட்டப் பாருங்க. நான் பஸ்ஸப் பாக்குறேன்."

மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை. சொல் இல்லாமல் தட்டுவதில் என்ன இருக்கிறது? பதினொன்றே முக்காலுக்கு ரஹீமா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்ததையும், உதட்டைக் கடித்ததையும், மறுபடியும் காலியான சாலையைப் பார்த்ததையும் நான் பார்த்தேன். "யாதே" என்று ஒரு சொல் சொன்னால் பத்து நிமிடம் மிச்சம். ஆனால் தால்ச்சா டேக்சாவுக்குள் போய்விடலாம். சொல்லாவிட்டால் மணி அடித்துவிடலாம். அந்தக் காரில் யாராவது உண்மையிலேயே ஒரு முடிவு எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்றால், அது அவர்தான். அவர் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு தகடும் இல்லை.

அவர் திரும்பி என் கையிலிருந்த அண்டாவைப் பார்த்தார். லாரியின் பின்னாலேயே போனோம்.

ஆலை வாசலில் இறங்கியபோது பன்னிரண்டுக்கு ஆறு நிமிடம். மூடியைத் திறந்தேன். தால்ச்சா ஒரு சொட்டுச் சிந்தவில்லை. மேலே மிதந்த கறிவேப்பிலை மட்டும் மூடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. மணி அடிக்கும்போது முதல் தட்டு நிரம்பிக்கொண்டிருந்தது. அரை மணி கழித்து டேக்சாவின் அடியைச் சுரண்டும் சத்தம் கேட்டது. ருமானா வெளியே வந்து, "மாமி, அடுத்த புதன் அறுபது பேரு" என்றாள்.

தஸ்தகீர் பாய் வாட்ச்மேனிடம் விளக்கிக்கொண்டிருந்தார்: "தேர்டுலயே புடிச்சுக் கொண்டாந்தேன். அதான் சிந்தல. சும்மா ஆட்டோமேட்டிக்ல விட்டிருந்தா பாதி போயிருக்கும்."

ரஹீமா காலி அண்டாவைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஆமா. அவுகதான் ஓட்டுனாக."

அந்தக் குரலில் கேலியே இல்லை. நான் நன்றாகக் கவனித்தேன். யாரையும் சுலபத்தில் மெச்சுகிற ஆள் அல்ல நான். ஆனாலும் அந்தச் சொல்லை, அதை அவர் வைத்த இடத்தை, மெச்சத்தான் வேண்டும்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களிடம் கார் இல்லை, அல்லது தகடு இல்லாத கார் இருக்கிறது. நல்லது. லிஃப்ட் கதவை மூடும் பொத்தானை ஏழு தடவை அழுத்தியது யார்? ஏற்கெனவே முடிவாகிவிட்ட கல்யாணத்தில், "என் சம்மதத்தோடுதான்" என்று பந்தியில் உரக்கச் சொன்னது யார்? உங்கள் வீட்டில், உங்கள் கடையில், எல்லாம் நீங்கள் பிடித்த கியரில்தான் ஓடுகிறது என்று நீங்கள் நம்பினால், இடப்பக்கம் ஒரு முறை திரும்பி, அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அவர் "பஸ் வருது" என்றால் எட்டிப் பார்க்காதீர்கள்.

எனக்கு இதில் பெருமை ஒன்றும் இல்லை. அன்று வீட்டுக்கு வந்த பிறகு வலது கெண்டைக்கால் வலித்தது. யோசித்துப் பார்த்தேன். தாமுவேயிலிருந்து ஷ்வேப்யிதாவரை, ஒவ்வொரு வளைவிலும், நான் பின்சீட்டின் தரையை ஓங்கி மிதித்துக்கொண்டே வந்திருக்கிறேன். தால்ச்சா சிந்தாமல் போய்ச் சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே இன்னமும் தோன்றுகிறது.