ஒரு காதுக்கு மட்டும் மாமன்

காரைக்குடி,
செவ்வாய்க்கிழமை.

கண்டரமாணிக்கத்தில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் கருத்தையா அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் அருள்பாண்டி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரி சந்திரலேகாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே உங்கள் நலத்தையும், யோகலட்சுமி அக்காவின் நலத்தையும், மருமகள் சாலாவின் இரண்டு காதுகளின் நலத்தையும் தனித்தனியே அறிய விரும்புகிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீங்கள் கேட்கலாம். அக்கா என்னை வாட்ஸ்அப்பில் பிளாக் செய்துவிட்டாள். குடும்ப குரூப்பிலிருந்தும் தூக்கிவிட்டாள். உங்கள் போனுக்கு அடித்தால் அதையும் அவள்தான் எடுக்கிறாள். ஒரு வார்த்தை பேசாமல் மூச்சுச் சத்தத்தை மட்டும் கேட்கவிட்டு வைத்துவிடுகிறாள். தபால் வந்தால் நீங்கள்தான் கை நீட்டி வாங்குவீர்கள் என்ற ஒரே நம்பிக்கையில் பேனாவைப் பிடித்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும், விரல் பழக்கம் விட்டுப் போய்விட்டது.

நேற்று உங்கள் தம்பி சின்னச்சாமி பைக்கில் வந்து, நான் மருமகளுக்குச் செய்த சீரை, பட்டுப்பாவாடை, கொலுசு, தாம்பாளம் உட்பட, கட்டிய துணி அவிழாமல் எங்கள் வாசலில் இறக்கி வைத்தார். "மதினி குடுத்துவிட்டாக. நான் ஒண்ணும் கேக்கல, நீங்களும் ஒண்ணும் கேக்காதீக" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். நம் ஆட்களிடம் மாமன் சீர் திரும்பி வந்தால் உறவே அற்றுப்போனது என்று அர்த்தம், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சந்திரலேகா அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் அதற்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.

காதுகுத்துக்கு நான் லீவு போடவே இல்லை என்று அக்கா நினைக்கிறாள். போட்டேன் மச்சான். நான் கடை கடையாக ஏறி இறங்கும் சோப்புக் கம்பெனியில் லீவை மனிதனிடம் கேட்க முடியாது, ஆப்பில்தான் கேட்க வேண்டும். காலையில் அதற்கு முகத்தைக் காட்டினால்தான் நான் வேலைக்கு வந்ததாக அர்த்தம். எந்தக் கடைக்குப் போனாலும் கடை முதலாளியோடு சேர்ந்து நின்று செல்பி எடுத்து அதில் ஏற்ற வேண்டும். நான் எங்கே இருக்கிறேன் என்பது என் போனிலும், மதுரையில் எங்கள் ஏரியா மேனேஜர் செம்மலையின் திரையிலும் ஒரு பச்சைப் புள்ளியாகத் தெரியும். புள்ளி கொஞ்ச நேரம் நகராமல் நின்றால் சிவப்பாகிவிடும், சிவந்தால் உடனே போன் வரும். போன மாதம் பல் டாக்டரிடம் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தபோதுகூடச் சிவந்தது. பிளந்த வாயோடுதான் விற்பனை நிலவரம் சொன்னேன். இப்போதெல்லாம் சோறு தின்னும்போதும் நான் ஒரு காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறேன், காலை ஆட்டினால் புள்ளி நகராது என்று தெரிந்தும் ஆட்டுகிறேன்.

காதுகுத்து அன்று காலை வரை என் லீவு 'பரிசீலனையில்' என்றே நின்றது. என்ன செய்ய? குன்றக்குடி மலை அடிவாரத்தில், தலையில் சீர்த் தட்டோடு, தேங்காய்க் கடையில் ஒரு செல்பி, பூக்கடையில் ஒரு செல்பி என்று எடுத்துக் கணக்குக் காட்டினேன். தேங்காய்க்காரம்மா பொன்னுத்தாயி, "சாமி கும்பிட வந்தீகளா, என்னயப் படம் புடிக்க வந்தீகளா?" என்று கேட்டது. பிறகு மேலே ஏறினோம். மொட்டை போட்டு, சந்தனம் தடவிய தலையோடு பிள்ளையை என் மடியில் வைத்தார்கள். மச்சான், கல்யாணமாகி எத்தனை காலம் காத்திருந்து பெற்ற பிள்ளை அது! அந்தப் பிள்ளை என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது எனக்கு இந்த உலகத்தில் வேறு ஒரு குறையும் இல்லை. ஆசாரி வலது காதைக் குத்தினார். பிள்ளை வீரிட்டது. கூடவே என் பையில் போனும் வீரிட்டது.

"அருள்பாண்டி, ரொம்ப நேரமா ஒரே இடத்துல நிக்கிறீக. எந்தக் கடை அது?" என்றார் மேனேஜர். கடை இல்லை சார், என் மடி, அக்கா பிள்ளைக்குக் காது குத்துகிறோம் என்றேன். "குத்துங்க, வேண்டாங்கல. மேல இருந்து பாக்குறாக, புள்ளிய மட்டும் கொஞ்சம் நகத்துங்க" என்றார். அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தான், அவருடைய புள்ளியைப் பார்க்க சென்னையில் ஒருவர் இருக்கிறாராம். நான் பதறிப்போய் மருமகளைத் தூக்கிக்கொண்டு எழுந்து மண்டபத்தைச் சுற்ற ஆரம்பித்தேன். சுற்றிக்கொண்டே இடது காதையும் குத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆசாரி ஊசியோடு என் பின்னால் வந்தார், "அங்குட்டு ஓடாதீக, நில்லுங்க தம்பி, கண்ணுல பட்டுறப் போகுது!" என்று கத்தினார். யாரோ பிள்ளையை என் கையிலிருந்து பிடுங்கினார்கள். நான் ஒரு சுற்றுச் சுற்றி, புள்ளி பச்சையானதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளை உங்கள் தம்பி சின்னச்சாமியின் மடியில் உட்கார்ந்திருந்தது. இடது காதில் தோடு ஏறியிருந்தது.

தாய்மாமன் மலைமேல் உயிரோடு நிற்கும்போது சித்தப்பன் மடியில் காது குத்தின கதை நம் வகையறாவில் இதற்கு முன் உண்டா? அக்கா ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அத்தனை பேர் முன்னால் மெதுவாக, "ஒரு காதுக்கு நீ மாமன். இன்னொரு காதுக்கு யாருடா மாமன்?" என்று மட்டும் கேட்டாள். அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டு, தலை சீவிவிட்டு, என் பரீட்சைக்குத் தான் விரதம் இருந்தவள். அவள் பேச்சை நிறுத்தியதிலிருந்து போனில் மணி அடிக்காதபோதும் அடித்ததாகத் தோன்றி எடுத்துப் பார்க்கிறேன், அக்காவாக இருக்குமோ என்று. எடுத்தால் கம்பெனிதான்.

அந்த ஆசாரியிடம் மறுபடி போய்க் கேட்டேன். இடது காதுத் தோட்டைக் கழற்றி, பிள்ளையை என் மடியில் வைத்து மறுபடி மாட்டினால் குறை தீர்ந்துபோகும் என்கிறார். ஆகவே வரும் வெள்ளிக்கிழமை காலை சீரோடு உங்கள் வீட்டுக்கு வருகிறேன். லீவு கேட்டிருக்கிறேன். குன்றக்குடி முருகன்மேல் ஆணையாகச் சொல்கிறேன், போனை அணைத்து காரைக்குடியிலேயே பூட்டி வைத்துவிட்டு வருவேன். கையில் போன் இல்லாமல், முழு மாமனாக உங்கள் வாசலில் நிற்பேன். அக்கா கதவைச் சாத்தாமல் இருக்க நீங்கள்தான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

உங்களுக்கும் அக்காவுக்கும் என் வணக்கம். சின்னச்சாமியிடம் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை என்று சொல்லவும். மருமகளுக்கு இரண்டு காதிலும் மாமனின் முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்,
அருள்பாண்டி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் ஆப்பில் பதில் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை லீவு கிடையாது. ஆகவே மேலே போனைப் பற்றி எழுதிய இடத்தை மட்டும் அக்காவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். முருகனிடம் நான் பேசிக்கொள்கிறேன். அன்று கண்டரமாணிக்கத்தில் புதுக் கடை பிடிக்கப் போவதாக ஆப்பில் ஏற்றிவிட்டேன். உங்கள் வீட்டை 'யோகலட்சுமி ஸ்டோர்ஸ்' என்று பதிந்திருக்கிறேன். முதலாளியம்மாவோடு நின்று எடுத்த படம் இல்லாவிட்டால் நான் வந்ததாகவே கணக்கில் ஏறாது. அக்கா என்னோடு பேசக்கூட வேண்டாம், ஒரு நிமிஷம் என் பக்கத்தில் வந்து நின்றால் போதும். அழுதாலும் பரவாயில்லை. கண்ணை மட்டும் மூட வேண்டாம் என்று சொல்லுங்கள், மூடினால் ஆப் ஏற்றுக்கொள்ளாது.